யார் கை இது?

அப்பாவிடம் ஒரு கடிகாரம் உண்டு. கப்பலின் ரேடியோ அறையில் மாட்டியிருந்த வகை. முகப்பில் இரண்டு சிவப்புப் பட்டைகள் இருக்கும்: 15ஆவது நிமிடத்திலிருந்து 18 வரை ஒன்று, 45இலிருந்து 48 வரை இன்னொன்று. சின்ன வயதில் அவை அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். அப்பா கப்பல் ரேடியோ ஆபரேட்டர் வேலையை விட்டு வெகுகாலம் கழித்து ஒருநாள் கேட்டபோதுதான் சொன்னார்: "அந்த மூணு நிமிஷம் யாரும் அனுப்பக் கூடாது. கேக்கணும்."

500 கிலோஹெர்ட்ஸ் என்பது கப்பல்கள் மோர்ஸில், அதாவது புள்ளியும் கோடுமாக ஒலிக்கும் தந்திக் குறியீட்டில், ஒன்றையொன்று கூப்பிடும் அலைவரிசையாக இருந்தது. அழைப்பும் பதிலுமாக எந்நேரமும் நெரிசல். அந்த நெரிசலில், பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும் ஏதோ ஒரு கப்பலின் மெல்லிய குரல் அமுங்கிப் போய்விடக் கூடாது. அதனால் மணிக்கு இரண்டு முறை, மும்மூன்று நிமிடம், எல்லா ஆபரேட்டர்களும் மோர்ஸ் தட்டும் கீயிலிருந்து கையை எடுத்துவிட்டு ஹெட்ஃபோனை மட்டும் காதில் வைத்திருக்க வேண்டும். கடல் முழுவதும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருந்த ஒரு காலம் இருந்தது என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

1999 பிப்ரவரி 1 அன்று புதிய அபாய அறிவிப்பு முறை முழுதாக நடைமுறைக்கு வந்தது. செயற்கைக்கோளும் தானியங்கிக் கருவிகளும் அந்தக் காதின் இடத்தை எடுத்துக்கொண்டன. அப்பா கடிகாரத்தோடு வீட்டுக்கு வந்தார்.

நான் மிருதங்கம் படித்து, பிறகு கணினியில் இசையமைக்கப் போனேன். அந்தச் சிவப்புப் பட்டைகளின் கதையைக் கேட்ட அன்றே மோர்ஸை வைத்து ஓர் இசை உருப்படி செய்ய வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். நாலைந்து வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஒன்றரை வருடம் ஆனது.

எடுத்துக்கொண்ட சொல் "சி க்யூ". கடலிலும் அமெச்சூர் வானொலியிலும் அதற்கு "கேட்கிற எல்லாருக்கும்" என்று பொருள். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் உலகத்தையே கூப்பிடுகிற சொல். சி என்றால் கோடு புள்ளி கோடு புள்ளி. க்யூ என்றால் கோடு கோடு புள்ளி கோடு. இதைத் தாளத்துக்குள் அடக்க, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவிலிருந்த இடைவெளியை எடுத்துவிட்டேன். வரிசையாக எட்டு ஒலிகள், நன்றாகவே ஓடின. மேலே ஒரு கஞ்சிரா, கீழே ஒரு நீண்ட தம்புரா போன்ற ஒலி. அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

அவர் பென்சிலை எடுத்தார், கீழே வைத்தார். "எழுத்து பிரியலையே. எல்லாம் ஒட்டிக்கிட்டு வருது. இது சி க்யூவா, இல்ல என் என் எம் ஏ-வா?"

எழுதிப் பார்த்தேன். என் என்றால் கோடு புள்ளி. எம் என்றால் கோடு கோடு. ஏ என்றால் புள்ளி கோடு. இடைவெளி இல்லாமல் சேர்த்தால் அதே எட்டு ஒலிகள், அதே வரிசை. நான் தூக்கி எறிந்தது வெற்றிடம் என்று நினைத்திருந்தேன். எழுத்தை எழுத்தாக வைத்திருந்ததே அந்த வெற்றிடம்தான்.

இப்படிச் செய்த முதல் ஆள் நான் இல்லை. கனடாவின் ரஷ் என்ற ராக் இசைக்குழு 1981இல் வெளியிட்ட "ஒய் ஒய் ஸீ" என்ற வாத்திய இசையின் தொடக்கம் டொரொன்டோ விமான நிலையத்தின் அடையாளக் குறியீடு. விமானங்களுக்கு வழிகாட்டும் ரேடியோ அலையில் அந்த மூன்று எழுத்தும் மோர்ஸில் ஒலிக்கும். அவர்களும் எழுத்து இடைவெளியை எடுத்துவிட்டார்கள். கோட்டுக்கு இரண்டு, புள்ளிக்கு ஒன்று என்று எண்ணினால் ஒய்க்கு 7, இன்னொரு ஒய்க்கு 7, ஸீக்கு 6. மொத்தம் 20. நாலு நாலாகப் பிரித்தால் ஐந்து தட்டு, எந்தத் தட்டிலும் சம்மணம் போட்டு உட்காராத ஓட்டம். அபாரமான தொடக்கம் அது. அங்கே அது பலித்ததற்குக் காரணம், அவர்கள் யாருக்கும் செய்தி சொல்லவில்லை. ஊர் திரும்புகிற மகிழ்ச்சியை ஒரு தாளமாக்கினார்கள். எனக்கு வேண்டியிருந்தது வேறு. அப்பாவின் பென்சில் காகிதத்தில் ஓட வேண்டும்.

இடைவெளிகளைத் திரும்பக் கொண்டுவந்து ஒழுங்காக எண்ண உட்கார்ந்தேன். அன்று இரவு தூங்கவில்லை.

மோர்ஸின் கணக்கு இது. புள்ளி ஓர் அலகு. கோடு மூன்று. ஓர் எழுத்துக்குள் ஒலிகளுக்கு நடுவே ஒன்று, எழுத்துகளுக்கு நடுவே மூன்று, சொற்களுக்கு நடுவே ஏழு. முதல் பார்வைக்கு எல்லாம் ஒற்றைப்படை, முரட்டுக் கணக்கு. ஆனால் ஒவ்வோர் ஒலியையும் அதன் பின்னால் வரும் ஓர் அலகு மௌனத்தோடு சேர்த்துப் பாருங்கள். புள்ளி இரண்டாகிறது, கோடு நாலாகிறது. எழுத்து முடிந்தால் கூடுதலாக இரண்டு, சொல் முடிந்தால் கூடுதலாக ஆறு. எல்லாவற்றையும் பாதியாக்கினால்: புள்ளி 1, கோடு 2, எழுத்து முடிவில் 1, சொல் முடிவில் 3.

குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை. நாம் பள்ளியில் படித்த அதே கணக்கு. கண்ணிமைக்கும் நேரத்தையும் கைநொடிக்கும் நேரத்தையும் மாத்திரைக்கு அளவாக வைத்த இலக்கணம் நம்முடையது. கை நொடிப்பதற்கும் கீயில் ஒரு புள்ளி தட்டுவதற்கும் எவ்வளவு தூரம்? மிருதங்கக்காரர்கள் சொற்கட்டுகளுக்கு நடுவே விடுகிற இடத்துக்குக் கார்வை என்று பெயர். கோர்வை, அதாவது முத்தாய்ப்பாக வரும் சொற்கட்டு வரிசை, கட்டும்போது ஒரு கார்வை குறைந்தால் சமத்தில், தாளச் சுற்றின் முதல் தட்டில், வந்து விழாது என்று வாத்தியார் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தது. மோர்ஸில் எழுத்துக்கு ஒரு கார்வை, சொல்லுக்கு மூன்று கார்வை. அவ்வளவுதான் வித்தியாசம். அதைப் போய் முதல் தடவை நான் வெட்டி எறிந்திருந்தேன்.

மோர்ஸ் வேகத்தை அளக்க ஒரு மாதிரிச் சொல் வைத்திருக்கிறார்கள்: பாரிஸ். பின்வரும் இடைவெளியோடு அது சரியாக 50 அலகு. நம் மாத்திரையில் 25. புள்ளிக்குத் த, கோட்டுக்குத் தீம் என்று எழுத்து எழுத்தாக, அந்தந்தக் கார்வையோடு சொல்லிப் பார்த்தேன். பி: த தீம் தீம் த, ஒரு கார்வை. 7. ஏ: த தீம், கார்வை. 4. ஆர்: த தீம் த, கார்வை. 5. ஐ: த த, கார்வை. 3. எஸ்: த த த, மூன்று கார்வை. 6. தாளக் கணக்கில் ஏழு மிஸ்ரம், நாலு சதுஸ்ரம், ஐந்து கண்டம், மூன்று திஸ்ரம், கடைசி ஆறு இரண்டு திஸ்ரம். கூட்டினால் ஐந்து ஐந்து. ஐந்து தட்டுள்ள கண்ட ஏகத்தை, தட்டுக்கு ஐந்து மாத்திரை வரும் கண்ட நடையில் போட்டால் ஒரு ஆவர்த்தனம், ஒரு முழுச் சுற்று. தந்திக்காரர்கள் வேகம் அளக்க எடுத்துக்கொண்ட ஒரு சொல்லுக்குள் ஐந்து ஜாதிகளில் நாலு வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. யாரும் திட்டமிட்டு வைத்ததில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் என் கை நடுங்கியது.

சங்கீர்ணம், அதாவது ஒன்பது, மட்டும் இல்லை. அது வேறு இடத்தில் கிடைத்தது. பொது அழைப்பை மூன்று முறை சொல்லிவிட்டு "டி ஈ" என்று சேர்ப்பார்கள். பிரெஞ்சுச் சொல். "இன்னாரிடமிருந்து" என்பதில் வரும் "இடமிருந்து". அதன் பிறகு கூப்பிடுகிறவரின் அடையாளக் குறி. டி: தீம் த த, கார்வை, 5. ஈ: த, மூன்று கார்வை, 4. ஐந்தும் நாலும் ஒன்பது. சி க்யூவுக்கு ஏழும் பத்தும், 17. மூன்று முறை சொன்னால் 51. ஒன்பதைச் சேர்த்தால் 60.

தாளம் தெரிந்தவர்களுக்கு 60 என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. சதுஸ்ர நடையில் 15 அட்சரம், அதாவது 15 தட்டு, கண்ட நடையில் 12, திஸ்ரத்தில் 20. மூன்று தட்டாக எண்ணும் ரூபகத்தில் ஐந்து ஆவர்த்தனம். எட்டு அட்சர ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனத்துக்கு 64 மாத்திரை, நாலு குறைகிறது. அந்த நாலை முன்னால் விட்டு, சமத்திலிருந்து ஓர் அட்சரம் தள்ளி எடுத்தால், கடைசிக் கார்வை முடிகிற இடம் சமம். எந்த எழுத்தையும் நீட்டவில்லை, எந்த இடைவெளியையும் குறைக்கவில்லை. நிமிடத்துக்கு 12 சொல் என்ற வேகத்தில் ஒரு புள்ளி 100 மில்லி விநாடி. அப்போது ஒரு மாத்திரை 0.2 விநாடி, ஓர் அட்சரம் 0.8 விநாடி. நிமிடத்துக்கு 75 தட்டு. நிதானமாக நடக்கிற வேகம். உருப்படியின் காலப்பிரமாணத்தைக்கூட மோர்ஸே சொல்லிக்கொடுத்துவிட்டது.

இனி வாத்தியம். மிருதங்கத்தில் வாசித்ததும் அடுத்த சுவர். கீயை அழுத்திப் பிடித்தால் ஒலி நீளும். தோலில் அடித்த அடி நீளாது. ஒரு புள்ளியை அடித்து எழுத்து இடைவெளி விட்டாலும், புள்ளிக்குப் பதில் ஒரு கோட்டை அடித்து எழுத்து இடைவெளி விடாவிட்டாலும், அடுத்த அடி விழுகிற நேரம் ஒன்றுதான். காதுக்கு இரண்டும் ஒன்று. ஒரே நாதத்தில் அடித்தால் மோர்ஸ் மொத்தமும் குழம்பிவிடும்.

சிறைச் சுவரைத் தட்டிப் பேசியவர்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. வியட்நாம் போரில் ஹனோயில் அடைபட்டிருந்த அமெரிக்கப் போர்க்கைதிகள் 1965இலிருந்து வேறு முறையைப் பயன்படுத்தினார்கள். ஐந்துக்கு ஐந்து கட்டம், அதில் எழுத்துகள். கே-க்கு இடமில்லை, அதற்கும் சி-யே. முதலில் வரிசை எண், பிறகு நிரல் எண். நீளம் தேவையில்லை, எண்ணிக்கை போதும். இரவில் விடைபெறும்போது "கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்" என்பதன் மூன்று முதலெழுத்துகளைத் தட்டுவார்களாம். இரண்டு-இரண்டு, ஒன்று-இரண்டு, நாலு-ஐந்து. எண்ணிப் பாருங்கள், 16 தட்டு. அதை நான் உருப்படியில் சேர்க்கவில்லை. அந்தத் தட்டல்களுக்கு விலை கொடுத்தவர்கள் வேறு யாரோ. ஆனால் அதிலிருந்து ஒன்று கற்றேன்: ஒரு குறியீடு எந்தப் பொருளில் ஒலிக்கப் போகிறது என்பதைப் பொறுத்து அதன் உடம்பே மாறுகிறது. கம்பிக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று.

தோலுக்கும் மரத்துக்கும் ஆன விடையை மத்திய ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் மோர்ஸுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். காங்கோ ஆற்றங்கரையின் லோக்கேலே மக்களிடம், குடைந்த மரத்துண்டில் நீள வெட்டு விட்டுச் செய்த பறை இருந்தது. வெட்டின் ஒரு உதடு தாழ்ந்த சுருதி, மறு உதடு உயர்ந்த சுருதி. அவர்கள் மொழி சுருதியால் பொருள் மாறும் மொழி. பறை அந்தச் சுருதிகளை மட்டும் சொல்லும். உயிரும் மெய்யும் அதில் கிடையாது. அப்படியானால் ஒரே சுருதி அமைப்புள்ள சொற்களை எப்படிப் பிரிப்பது? நிலவும் கோழியும் அந்தப் பறையில் ஒன்றுபோலவே ஒலிக்கும். அதனால் நிலவு என்று மட்டும் அடிக்க மாட்டார்கள். "பூமியைக் குனிந்து பார்க்கும் நிலவு" என்று அடிப்பார்கள். கோழி என்றால் "கியோகியோ என்று சொல்லும் சின்னக் கோழி". அந்த மக்களோடு பல்லாண்டு வாழ்ந்து, பறையும் பழகி, 1949இல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஆங்கிலேயப் பாதிரியார் ஜான் காரிங்டன். பேச்சில் ஒரு சொல் போதுகிற இடத்தில் பறைக்குச் சுமார் எட்டுச் சொல் வேண்டியிருந்தது.

இதைப் படித்துவிட்டு நான் பல நாள் வேறெதையும் யோசிக்கவில்லை. மோர்ஸ் கஞ்சக் குறியீடு. அதிகம் வரும் ஈ-க்கு ஒரே ஒரு புள்ளி, அபூர்வமான க்யூவுக்கு நாலு ஒலி. ஒவ்வொரு சொல்லுக்கும் காசு கொடுத்த தந்தி யுகத்தின் பிள்ளை. லோக்கேலே பறையோ வாரி வழங்குகிற குறியீடு. செய்தி தொலையாமல் இருக்க அது நீள்கிறது. நீள்வதால் அடைமொழி வருகிறது, அடைமொழி வந்ததும் அது பாட்டாகிவிடுகிறது. நிலவு பூமியைக் குனிந்து பார்ப்பது செய்திக்குத் தேவையில்லை என்று சொல்லலாம். ஆனால் அது இல்லாவிட்டால் செய்தியே போய்ச் சேராது. நான் இத்தனை நாள் அலங்காரம் என்று எண்ணிய திரும்பச் சொல்லலும் அடைமொழியும் ஒலி தூரம் கடக்கப் போட்டுக்கொண்ட செருப்பு என்று அன்று புரிந்தது. மூன்று முறை சி க்யூ என்று கூப்பிடுவதும் அதற்குத்தானே.

உருப்படியை அந்த வழியில் திருத்தினேன். கோட்டுக்குத் திறந்த நாதம், புள்ளிக்கு மூடிய அடி. இரண்டு குரல். முதலில் சி க்யூ மட்டும். அடுத்த சுற்றில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வால், அந்த எழுத்தின் நடையிலேயே. ஏழில் பிறந்த சி-க்கு ஏழில் ஒரு பதில். அதற்கடுத்த சுற்றில் வாலுக்கு வால். செய்தி அதேதான், ஆனால் வளர்ந்துகொண்டே போகும். கீயின் கஞ்சத்தனத்தில் தொடங்கிப் பறையின் தாராளத்தில் முடியும்.

இங்கே ஒரு தப்பும் செய்தேன். சேமித்து வைத்திருந்த ஒலித்துண்டுகளில் "ஆப்பிரிக்க மரப்பறை" என்ற பெயரில் நாலு விநாடி ஒன்று இருந்தது. அற்புதமான ஒலி. அதை நடுவில் வைத்துச் சுழல விட்டேன். இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது: சொல்லாக அடிக்கப்படும் பறையாக இருந்தால், நான் சுழல விட்டிருப்பது யாரோ ஒருவரின் வாக்கியத்தின் நடுத்துண்டு. எந்த மக்கள், எந்த மொழி, என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை. இடைவெளி எடுத்த சி க்யூவை அப்பாவால் படிக்க முடியாமல் போனதுபோல, அந்த வாக்கியத்தை அதன் சொந்தக்காரர்களாலும் படிக்க முடியாது. எடுத்துவிட்டேன்.

இதில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கதை உண்டு. சாலமன் தீவுகளின் மலைட்டாவில் பேகு மக்களின் தாலாட்டு ஒன்று, ரொரொக்வேலா. அஃபுனக்வா என்ற பெண் பாட, 1970இல் ஹ்யூகோ ஸெம்ப் என்ற இசை ஆய்வாளர் பதிவு செய்தார். 1992இல் பிரான்சின் டீப் ஃபாரஸ்ட் இசைக்குழு அந்தக் குரலை நடனத் தாளத்தின் மேல் வைத்து உலகெங்கும் ஓடவிட்டது. பிறகு நார்வேயின் சாக்ஸஃபோன் கலைஞர் யான் கார்பாரெக் அதே மெட்டை 1996இல் வாசித்தபோது அதற்கு வைத்த பெயர் "பிக்மி தாலாட்டு". பிக்மிகள் வாழ்வது மத்திய ஆப்பிரிக்காவில். மலைட்டா இருப்பது பசிபிக்கில். பாட்டில் ஒரு பிள்ளை தன் தம்பியைத் தேற்றுகிறது: அழாதே, அப்பா நம்மை விட்டுப் போய்விட்டார். பெற்றோரை இழந்த ஒரு வீட்டின் பாட்டு, பெயரும் ஊரும் பொருளும் உதிர்ந்து, இனிய மெட்டாக மட்டும் எஞ்சியது. கேட்கிறவர்களின் கண்ணில் நீர் வந்திருக்கலாம். அது அந்தத் தம்பிக்காக வந்த நீர் இல்லை.

நமக்கு இது புதிதா? பறை என்ற சொல்லுக்கே சொல்லுதல் என்றுதான் பொருள். சாவுக்கு அடிக்கிற அடி வேறு, வாழ்த்துக்கு அடிக்கிற அடி வேறு. தூரத்தில் கேட்கிறவருக்கு என்ன நடந்திருக்கிறது என்று அடியே சொல்லிவிடும். அதை வாசித்தவர்களைச் சாதியின் பெயரால் தள்ளி வைத்து, சாவுக்கு மட்டும் கூப்பிட்டு, அந்த மொழியின் மற்ற வாக்கியங்கள் எல்லாவற்றையும் கேட்காமல் விட்ட சமூகம் நம்முடையது. அந்த இழிவு வேண்டாம் என்று பறையைக் கீழே வைத்தவர்களும் உண்டு, அதே பறையை உரிமைக் குரலாக மேடையில் ஏற்றியவர்களும் உண்டு. இரண்டும் சரி. மிருதங்கப் பள்ளியில் வளர்ந்த நான் ஒரு சாவு அடியைப் பதிவிலிருந்து உருவிக் கோர்வைக்குள் செருகுவது மட்டும் சரியில்லை. செருகவில்லை.

அப்படியானால் பிறர் மரபைத் தொடவே கூடாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கைப் பாருங்கள் என்பேன். மெழுகு உருளைப் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஹங்கேரியிலும் ருமேனியாவிலும் கிராமம் கிராமமாகப் போனார். 1906இல் சக இசையமைப்பாளர் கோடாயும் அவரும் சேர்ந்து முதல் தொகுப்பை வெளியிட்டார்கள். நாட்டார் இசை ஓர் இசையமைப்பாளருக்குள் போக மூன்று வழி உண்டு என்று பிற்பாடு எழுதினார்: மெட்டை எடுத்து அதற்குத் துணையிசை சேர்ப்பது, அதைப்போலப் புதிதாக ஒன்று செய்வது, மெட்டே இல்லாமல் அதன் காற்று மட்டும் வீசுவது. மூன்றாவதற்கு அந்த இசை தாய்மொழிபோல வாயில் வர வேண்டும். எனக்கு லோக்கேலே தாய்மொழி ஆகாது. அதனால் ஒலியை எடுக்காமல், அது கற்றுக்கொடுத்த வழியை மட்டும் எடுத்தேன். யாரிடமிருந்து கற்றேன் என்று உருப்படியின் குறிப்பில் முதல் வரியாக எழுதியிருக்கிறேன்.

சுருதிக் குறியீடுகளையும் கொஞ்ச நாள் மேய்ந்தேன். ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் தன் பெயரின் ஜெர்மன் எழுத்துகளை நாலு சுரமாக்கிப் பத்தாம் சிம்ஃபொனியிலும் எட்டாம் நால்வாத்திய இசையிலும் கையெழுத்துப் போட்டார். ஸட்ஜத்தை அவருடைய சி என்ற சுரத்தில் வைத்தால் அது ரி க ஸ நி. கீரவாணியில் அப்படியே உட்காரும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற நம் கடபயாதிக் கணக்கு இன்னும் விசித்திரம். மாளவகௌளை பதினைந்தாவது மேளம், அதாவது தாய் ராகம், என்று காட்ட "மாயா" சேர்ந்தது. மா ஐந்து, யா ஒன்று, திருப்பிப் படித்தால் 15. கல்யாணிக்கு முன்னால் "மேச" வந்ததும் 65 என்று சொல்லத்தான். ராகத்தின் பெயரையே குறியீடு மாற்றியிருக்கிறது. ஆனால் இவை கண்ணுக்கும் அறிவுக்கும் இனிக்கிற குறியீடுகள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே காது படிப்பது அபூர்வம். என் கவலையெல்லாம் காது பற்றியது.

காது படித்த ஒரு பாட்டு உண்டு. 2010இல் கொலம்பிய ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட பாப் பாட்டு. காட்டில் கெரில்லாக்களின் பிடியில் வருடக்கணக்காக இருந்த வீரர்களுக்கு வானொலி மட்டும் கேட்கக் கிடைத்தது. அவர்களுக்கு மோர்ஸ் தெரியும், காவலர்களுக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில், "இந்தச் செய்தியைக் கேள், சகோதரா" என்ற வரிக்குப் பின் மின்னிசை ஒலியில் மோர்ஸை மறைத்தார்கள். 19 பேரை மீட்டுவிட்டோம், அடுத்து நீங்கள், மனம் தளராதீர்கள். வானொலியில் மற்றப் பாட்டுகளோடு அதுவும் ஒலித்தது. மோர்ஸ் தெரியாத காதுக்கு அது தாளம். தெரிந்த காதுக்கு உயிர்.

உருப்படிக்கு இப்போது வருகிறேன். கணினியில் எல்லாம் சரியாக அமைந்தது. 60 மாத்திரை, வால்கள், நடைகள், நடுவில் சிவப்புப் பட்டைக்கு ஒரு முழு மௌனம். மூன்று நிமிடம் வைக்கத் துணிவு வரவில்லை, மூன்று ஆவர்த்தனம் வைத்தேன். அந்த மௌனத்தின் அடியில் மிகமிக மெல்லிய, கேட்டும் கேட்காத அளவில் ஒற்றைச் சி க்யூ. கடைசியில் "டி ஈ". அதன் பிறகு ஒன்றுமில்லை. என் பெயரை மோர்ஸில் வைத்துப் பார்த்தேன். கண்காட்சியில் படத்தை விடக் கையெழுத்துப் பெரிதாக இருப்பதுபோல இருந்தது. எடுத்துவிட்டேன்.

அப்பா கேட்டார். இந்த முறை பென்சில் ஓடியது. மௌனத்தின்போது அவர் உடம்பு மாறியதைப் பார்த்தேன். தலை லேசாகச் சாய்ந்தது, கண் மூடியது, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். அந்த மெல்லிய சி க்யூவையும் எழுதினார். முடிந்ததும் காகிதத்தை என் பக்கம் திருப்பினார். எல்லாம் சரி.

"யாருன்னு சொல்லலையே," என்றார். "டி ஈ-ன்னு சொல்லிட்டு விட்டுட்ட."

"வேணும்னுதான்பா விட்டேன்."

"அதுவாச்சும் பரவால்ல. கையும் இல்லையே இதுல. யார் கை இது?"

ஆபரேட்டர்கள் ஒருவரையொருவர் கையை வைத்தே அடையாளம் காண்பார்கள். கோட்டைக் கொஞ்சம் இழுக்கிறவர், எழுத்து இடைவெளியை அவசரமாகக் கடக்கிறவர், ஏழு வருமிடத்தில் எட்டு விடுகிறவர். போர்க்காலத்தில் எதிரியின் செய்தி புரியாவிட்டாலும் அனுப்புகிறவரின் கையை வைத்து அவர் இருந்த கப்பலையோ படையையோ பின்தொடர்ந்திருக்கிறார்கள். மிருதங்கத்திலும் நாம் சொல்வது அதே சொல்தான். "அவர் கை" என்போம். ஒரே கோர்வை, நாலு வித்வான், நாலு கை. நான் கணினியில் வைத்த ஒவ்வொரு புள்ளியும் 100 மில்லி விநாடி, ஒன்றுகூடப் பிசகாமல். எழுத்து இருந்தது, இடைவெளி இருந்தது, ஆள் இல்லை.

மாடிக்குப் போய் மிருதங்கத்தை எடுத்தேன். ரொம்ப நாள் ஆகியிருந்தது, இடப்பக்கத் தொப்பிக்கு ரவை வைத்து, வலப்பக்க வலந்தலையைச் சுருதி கூட்டவே அரை மணி போனது. கணினியின் தடங்களை எல்லாம் அணைத்துவிட்டு, 12 சொல் வேகத்தை மனதில் வைத்து, வாயால் ஒருமுறை சொல்லிவிட்டு, முழு உருப்படியையும் ஒரே மூச்சில் கையால் வாசித்துப் பதிந்தேன். மூன்றாவது தடவை தப்பில்லாமல் வந்தது. தப்பில்லாமல் என்றால் சமம் தப்பாமல். நடுவில் எத்தனையோ கோடுகள் நீண்டன, கார்வைகள் சுருங்கின. திருத்தவில்லை.

மறுநாள் காலை அப்பாவிடம் ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். யார் வாசித்தது என்று சொல்லவில்லை. பழைய காகிதத்தைக் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். சி க்யூ, சி க்யூ, சி க்யூ, டி ஈ. சுற்றுச் சுற்றாக அதே நாலு சொற்கள். மௌனம் வந்தது, தலை சாய்ந்தது. பிறகு கடைசிச் சுற்று, கடைசிக் கார்வை. ஹெட்ஃபோனைக் கழற்றாமல் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார்.

"க்யூவோட கடைசிக் கோட்டை இழுக்கற," என்றார். "சின்ன வயசுல சாப்பாட்டு மேசையில தட்டும்போதே அப்படித்தான் இழுப்ப."

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். கடைசி வரியில் டி ஈ-க்கு அடுத்து, வீட்டில் மட்டும் என்னைக் கூப்பிடுகிற பெயரை எழுதி வைத்திருந்தார்.